மேட்டுக்கிணறு விலக்கில் ஒன்பது நிமிடம்

திண்டுக்கல்
12-3-1962, திங்கள்

அன்புள்ள செபஸ்திக்கு,

இன்று காலை 5.52-க்கு உங்கள் ஊர் மேட்டுக்கிணறு விலக்கில் எங்கள் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறியவர் இரண்டு பேர். இறங்கியவர் இல்லை. நின்ற நேரம் ஒன்பது நிமிடம். முன்சீட்டில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்து நானே குறித்தேன். இதோடு மூன்று நாள் பார்த்தாயிற்று, மூன்று நாளும் இதே கதை.

நிலக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ் காலை ரயிலைத் தவறவிடுகிறது, ஜனங்கள் ஏசுகிறார்கள், புது அட்டவணை போடு என்று மானேஜர் என்னிடம் கொடுத்தார். போட்டுவிட்டேன். இனி உங்கள் விலக்கில் ஆள் கை காட்டினால்தான் வண்டி நிற்கும், அதுவும் அரை நிமிடம். 19-ந் தேதி முதல் அமல். கண்டக்டர் கருப்பணன் வண்டி நின்றதும் பின்பக்கம் போய் மறைந்துவிடுகிறார். பீடிக்காகத்தான் இருக்கும். எழுதிக் கொடுத்தேன். வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள்.

மாமாவுக்கு மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள்? நீ போய் ஐம்பது நாள் ஆகிறது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. 25-ந் தேதிக்குள் வந்து சேர்.

ராயப்பராஜ்


மேட்டுக்கிணறு
20-3-1962

அன்புள்ள அத்தானுக்கு, செபஸ்தியம்மாள் எழுதிக்கொண்டது. சேசு மரி சூசை துணையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம் ஆகுமாம்.

மூணு நாள் விலக்கு வரைக்கும் வந்திருக்கீங்க. ஒரு நாளாவது இறங்கத் தோணலையா? நான் தினமும் அஞ்சரைக்கு அங்கே வந்து பூ மூட்டையைப் பாலத்துக் கட்டையில வச்சிட்டுத்தான் திரும்புறேன்.

நீங்க ஆளை எண்ணுனீங்க. எங்க ஊர்ல அந்த பஸ்ஸுல போறது ஆள் இல்லை, பூ. இருட்டோட பறிச்சதைத்தான் மூட்டை கட்டுறோம், வெயில் ஏறுறதுக்குள்ள மிச்ச அரும்பையும் பறிச்சாகணும். அதனால ஆளுக்கொரு மூட்டையை வச்சிட்டு எல்லாரும் தோட்டத்துக்கு ஓடிருவோம். கருப்பணன் அண்ணன்தான் ஒண்ணொண்ணாத் தூக்கி பஸ் மேலே ஏத்துவார். ஒவ்வொரு வீட்டு மூட்டைக்கும் ஒரு நிறத்துத் துணி கட்டியிருக்கும். எங்களுது மஞ்சள். நிறத்தைப் பாத்து எந்தக் கடைக்கு எதுன்னு இறக்கிக் குடுத்துருவார். சாயங்காலம் கடைச் சீட்டும் வரும், அப்பாவுக்கு மருந்தும் வரும்.

நேத்து கை காட்ட அங்கே யாரும் இல்லை. வண்டி நிக்காமப் போயிருச்சு. பத்து மணிக்குப் போய்ப் பாத்தா இருபத்திரண்டு மூட்டையும் பாலத்துலயே கிடக்கு, அம்புட்டும் மலந்து போச்சு. மலந்த பூவை யார் வாங்குவா? இன்னைக்கு நானே நின்னு கை காட்டுனேன். புதுக் கண்டக்டர், "ஏம்மா, நீ ஏறுறியா இல்லையா? அரை நிமிசம்தான்"னு சொல்லி, நாலு மூட்டை ஏறுறதுக்குள்ள விசில் ஊதிட்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பேச்சாயி கேக்குறா: "ஏண்டி, ஒம் புருசன் படிச்சது பஸ்ஸை நிறுத்தவா, நிறுத்தாம ஓட்டவா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லுங்க. பூ போகலைன்னா தோட்டத்தைப் போட்டுட்டு நான் ஓடி வந்துருவேன்னுதானே இதைச் செஞ்சீங்க? அப்படின்னா 25-ந் தேதியும் கிடையாது, அதுக்கு அப்புறமும் கிடையாது.

செபஸ்தியம்மாள்


திண்டுக்கல்
23-3-1962

அன்புள்ள செபஸ்திக்கு,

இல்லை. உன்னை வரவைக்கச் செய்தேன் என்றால் உன்னை நினைத்தாவது பார்த்தேன் என்று ஆகும். நான் நினைக்கவே இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம், உங்கள் பூ எப்படிச் சந்தைக்கு வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மேலே இருந்த மூட்டை எல்லாம் நிலக்கோட்டையில் ஏறியது என்று எண்ணிக்கொண்டேன்.

நேற்று கருப்பணனைத் தேடிப் போனேன். "ஏன்யா அன்னைக்கே சொல்லலை?" என்று கத்தினேன். அவர் சொன்னார்: "சார், நீங்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் பின்னால ஏணியில நின்னேன். சொல்லலாம்னுதான் வந்தேன். கையில வாட்சைப் புடிச்சுக்கிட்டு மொறைச்சீங்க, திரும்பிட்டேன்."

இருபத்திரண்டு வீடு, பதினோரு கடை. ஒரு மூட்டை மாறியதில்லை. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. இந்த ஏற்பாட்டை நான் வரைந்திருந்தால் இதைவிட மோசமாகத்தான் வரைந்திருப்பேன். சும்மா புகழவில்லை, என் அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்பது நிமிடத்தை வேறு இடத்தில் எடுக்கலாம். செம்பட்டியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதில் ஐந்து நிமிடம் போகிறது. அதைக் கிளம்பும் முன்பே நிலக்கோட்டையில் செய்யலாம். மூட்டை ஏற்ற இன்னொரு ஆள் இருந்தால் ஒன்பது நிமிடம் ஐந்தாகும். இதில் ரயிலும் கிடைக்கும், பூவும் ஏறும். மானேஜரிடம் சொன்னேன். "அச்சடிச்சாச்சு தம்பி, ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் இதுதான். இந்தச் சாமான் ஏத்துற வேலையெல்லாம் நம்ம கணக்கிலேயே இல்லையே" என்றார். "இல்லாததுதான் தப்பு" என்றேன். கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

உன் அப்பாவிடமும் மற்ற வீடுகளிலும் மன்னிப்பு நேரில் கேட்கிறேன். கடிதத்தில் கேட்டால் அது கேட்டதாகாது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை, கருப்பணன் மேல் நான் கொடுத்த புகார் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரைப் பழைய லைனிலேயே விடும்படி கேட்பேன்.

2. திங்கள் முதல் ஏழு நாள் லீவு எழுதிக் கொடுப்பேன். தராவிட்டாலும் எடுப்பேன்.

3. ஞாயிறு சாயங்காலம் மேட்டுக்கிணறு வருவேன்.

4. திங்கள் முதல் ஏப்ரல் ஒன்று வரை தினமும் ஐந்தரைக்கு விலக்கில் நிற்பேன். கை காட்டுவேன், ஏணியில் ஏறுவேன், இருபத்திரண்டும் ஏறும் வரை இறங்க மாட்டேன். விசில் ஊதினாலும் சரி.

5. நீ திண்டுக்கல் திரும்புவதற்கு இனி நான் தேதி குறிக்க மாட்டேன்.

ராயப்பராஜ்