புல்வெளியில் இரண்டு அட்டைகள்

1992 ஜூன் 2, செவ்வாய். சான் ஹோசே.

சான் பிரான்சிஸ்கோ பேஸ்பால் டீமை இந்த ஊருக்கு இழுத்துவர ஒரு ஸ்டேடியம் கட்டலாமா, அதற்கு வரி போடலாமா என்று இன்று ஓட்டெடுப்பு. என் மேனேஜர் டேவுக்கு அந்த டீம் என்றால் உயிர். போன வாரம் அவர் கொடுத்த, 'யெஸ்' என்று எழுதிய பிரசார அட்டையை வீட்டு முன் புல்வெளியில் நட்டேன். என் கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தலையில் நட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாலும் நட்டிருப்பேன்.

என் கார் ரிப்பேர். அதனால் சாயங்காலம் டேவே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அட்டையைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே, அதே உயரத்தில், ஒரு 'நோ' அட்டை.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொண்டுவந்தாங்க. வாசல்ல வந்து நிக்கிறவங்ககிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்று என் மனைவி வசந்தா என்னிடம் முணுமுணுத்துவிட்டு, டேவுக்குக் காபி கலக்கப் போனாள். அதற்குள் ஆன்ட்டியும் வந்துவிட்டார். ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு இருவரும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். திடீரென்று என் பக்கம் திரும்பினார்கள். நீ யார் கட்சி?

காபி ஆறுகிறது என்றேன்.

டேவ் கிளம்பிவிட்டார். என் பேப்பர் கையெழுத்தாகாமல் அவர் பையிலேயே இருக்கிறது. இப்போதுதான் டிவியில் சொன்னார்கள், 'நோ' ஜெயித்துவிட்டதாம். டீம் வராது. நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

வசந்தா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். "நல்லவேளை, உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. இருந்திருந்தா ரெண்டுலயும் குத்தியிருப்பீங்க."