என் தலைக்கு மூன்று கொட்டேஷன்

3 ஜூன் 2024
போன வாரம் காய்கறிக் கடையில் என் வலது கை தானாக வெட்டி இழுத்தது. ஐந்து நிமிஷம் பேச்சு வரவில்லை. இன்று ஸ்கேன் முடிவு வந்தது. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு ஒரு முடிச்சு, பிறவியிலேயே உண்டாம். ஐம்பத்தெட்டு வருஷம் வாடகை தராமல் குடியிருந்திருக்கிறது. பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறது, வெடித்தால் ஆபத்து, சீக்கிரம் முடிவெடுங்கள் என்றார் டாக்டர்.

யாரிடம் சொல்கிறார்! என் வீட்டுக்காரர் நடேசன் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் துடைப்பம்கூட வாங்கமாட்டார்.

7 ஜூன்
மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியாயிற்று. ஒருவர் மண்டையைத் திறந்து எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் தொடை வழியாகக் குழாய் விட்டுப் பசையால் அடைக்கலாம் என்கிறார். மூன்றாமவர் கதிர்வீச்சு, முடிச்சு மூட இரண்டு மூன்று வருஷமாகும். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றிவிட்டார்.

9 ஜூன், ஞாயிறு
ஹாலில் கமிட்டி. இவரோடு ஓய்வு பெற்ற மூன்று பேர். "ஃபீடர் லைனை முதல்ல ஐசோலேட் பண்ணணும் சார்" என்றார், ரேடார் பிரிவில் இருந்த ராஜீவ். முடிச்சுக்கு ரத்தம் வரும் குழாயை அடைக்க வேண்டுமாம். கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "வந்தவர்கள்: நால்வர். திருமதி மைதிலி காபி வழங்கினார்." தலை யாருடையது என்று எங்கும் எழுதவில்லை.

16 ஜூன்
கமிட்டிக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள், கோரம் இல்லை. ஒத்திவைப்பு.

18 ஜூன்
அடுப்படியில் மறுபடி இழுப்பு. ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரிலிருந்து மகள் ஹம்ஸினி ஓடிவந்து, "அம்மா, நீ பேரு செப்பும்மா!" என்று பதற்றத்தில் தெலுங்கில் கேட்டு உலுக்கினாள். என் பேர் எனக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. ஐயோ, இனிமே பேசவே முடியாம போயிட்டா? எனக்குப் பயமா இருக்கு.

19 ஜூன்
முதலில் பசை, மறுநாள் அறுவை என்று டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டினார். இவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துடுவா..."

"என் தலை. கொடுங்கோ" என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

6 ஜூலை
எழுத்து கோணுகிறது, போகட்டும். முடிச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகப் பேச்சு வரவில்லை. இவர் வீட்டுக்குள் யாரையும் விடாமல், ஒவ்வொரு சாமானாகக் காட்டிப் பேர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் 'ம்... ம்...' என்று முனகுவேன்.

இன்று காலை சீப்பைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன, சொல்லு?"

"சீப்புன்னுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் திட்டேன், மைதிலி" என்றார்.

திட்டினேன்.