வின்ஸ்லோ துரை இடித்த பாலம்

என் பெஞ்சுக்காரிக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, உன் காலில் விழுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. அம்மாவின் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் எழுதுகிறேன். விடியும் முன் உங்கள் கேட்டில் செருகிவிடுவேன்.

நாளை பள்ளி பஸ்ஸில் ஏறாதே. வயிற்றுவலி என்று சொல்லிவிடு.

நாம் ப்ராஜெக்ட் செய்தோமே, வெள்ளைக்கார இன்ஜினியர் வின்ஸ்லோ, அதை இன்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இருபத்து மூன்று வயதில் கப்பலேறி வந்தது, கல்வராயன் மலையில் சாலை போட்டது, தான் கட்டிய பாலத்தின் அஸ்திவாரம் பாறையைத் தொடவில்லை என்று தானே மேலிடத்துக்கு எழுதி இடிக்கவைத்தது, பிறகு பதவி உயர்வே இல்லாமல் செத்தது, எல்லாம்.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

"நாளைக்கு பஸ்ல போவாத. பழைய ரோட்டுல நானே வண்டில இட்டுகினு போறேன்" என்றார்.

"இன்னாத்துக்குப்பா? நாளைக்குத்தான நீங்க கட்டுன பாலத்துல மொத மொதல்ல பஸ் போவுது?"

"சொன்னா கேளு."

போன வாரம் பாலத்துத் தூணில் ஒரு விரிசலைப் பார்த்தேன். நேற்று அதன்மேல் சிமென்ட் பூசியிருந்தது.

வெளியே தெரிந்தால் அப்பாவுக்கு ஜெயில்தான். அவர் என்னை மட்டும் காப்பாற்றுகிறார். நான் உன்னை மட்டும். பஸ்ஸில் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஹாரன் அடிக்கச் சொல்லி டிரைவரை நச்சரிக்கும் எல்.கே.ஜி. சந்தியா இருக்கிறாள்.

முதலில் எழுதியதை விட்டுவிடு. கிழிக்காதே. உங்கள் அத்தாவிடம் காட்டு, டிரைவர் அண்ணனிடம் காட்டு, எல்லோரிடமும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இப்படி அழுத்தித் தட்டமாட்டாள். விளக்கை