சல்லடைக் கொட்டகையும் என் தாடியும்

சித்திரபானு வருஷம் மாசி மாதம், பழவேற்காடு.

கடல் தாண்டிப் பத்தாவிப் பட்டணத்தில் ஒல்லாந்தர் மிளகுக் கிடங்கில் வேலையாயிருக்கும் என் மகன் பச்சைமுத்துவுக்கு உன் நைனா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மா பொன்னியம்மாளும் தங்கை ருக்குவும் திருப்பாலைவனத்து ஈசன் தயவில் உண்டு உடுத்திச் சுகமாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகம் முழுசாகும். ஏரியில் இந்த வருஷம் இறால் கொள்ளை, கூடை கூடையாக வருகிறது, உன் அம்மா தினமும் இறால் குழம்பு வைத்துவிட்டு உன் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், நான் அதட்டிவிட்டு என் பங்கையும் அவள் பங்கில் பாதியையும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். ருக்கு வளர்ந்து என் தோளைத் தொடுகிறாள், வாய் மட்டும் என் தலைக்கு மேலே போய்விட்டது. கப்பல் தச்சன் துளசிங்கம் கொண்டுவந்த உன் ஓலை கிடைத்தது. அதற்குப் பதில்தான் இது, ஆனால் சுண்ணாம்புச் சூளையில் நடந்த கூத்தைச் சொல்லாமல் பதில் விளங்காது, பொறுமையாகப் படி.

உன்னோடு ஏரியில் கையாலேயே நண்டு பிடித்துத் திரிந்த சுப்பன் சென்ற ஐப்பசியிலிருந்து படுக்கையில் கிடந்தான். நம் சல்லடைக் கொட்டகை உனக்குத் தெரியும், சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீர் தெளித்து நீற்றி, மாவாக உதிர்ந்ததைச் சலிக்கும்போது எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. ஏரியில் இறங்குகிற நம் ஆட்களுக்கு வெயில் என்றால் துணியை நனைத்துத் தலையில் போட்டுப் பழக்கம், அதே புத்தியில் சுப்பன் மூக்கில் கட்டிய துணியையும் நனைத்துக் கட்டியிருக்கிறான். ஈரத்தில் சுண்ணாம்பு ஏறி உதடும் மூக்கும் வெந்துபோயின, துணியின் ஓரத்தால் போன தூள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. தண்ணீருக்குள் முங்கினால் இவன் செத்தானா பிழைத்தானா என்று நாம் கரையில் நின்று பதறுவோமே, அவ்வளவு மூச்சுக்காரன், இப்போது சூளையிலிருந்து கரைக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறான். தை பிறந்ததிலிருந்து கொஞ்சம் தேவலை, வலை பின்னுகிறான், கவலைப்படாதே. ஆனால் பழி என்னுடையதுதான், அந்தக் கொட்டகைக்கு மேஸ்திரி நான்தானே.

அதற்குப் பிறகு ருக்கு ஒரு முகத்துணி தைத்தாள். பழைய சேலையை நாலாய் மடித்து, ஓரம் முழுக்கப் பஞ்சு வைத்துச் சுருட்டி, மூக்குத்தண்டின் மேல் வளைத்து அழுத்திக்கொள்ள ஒரு செப்புத் தகடு வைத்து, உச்சியில் ஒரு கட்டும் பிடரியில் ஒரு கட்டும் கட்டுகிற மாதிரி செய்தாள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாயிற்று, ஆனால் அது முகத்தில் சரியாகப் படிந்திருக்கிறதா இல்லையா என்பது எப்படித் தெரியும், உள்ளே போய் இருமின பிறகு தெரிந்து என்ன பயன்? உன் அம்மாதான் வழி சொன்னாள். சூளைக்குப் பக்கத்துக் குடிசையைப் பாயால் அடைத்து, சட்டியில் நெருப்பு வைத்து, நாலு காய்ந்த மிளகாயைப் போட்டுவிடுவது. துணியைக் கட்டிக்கொண்டு ஆள் உள்ளே போக வேண்டும், வலப்புறம் திரும்ப வேண்டும், இடப்புறம் திரும்ப வேண்டும், குனிந்து தரையைத் தொட்டு நிமிர வேண்டும், பிறகு வலை இழுக்கும்போது போடுகிற கூச்சலை வாய்விட்டுப் பத்துத் தரம் போட வேண்டும். கண் எரிந்தால் பரவாயில்லை, இருமினால் துணி சரியில்லை என்று அர்த்தம், அவிழ்த்துக் கட்டு, இல்லையென்றால் வேறு துணி, அதுவும் இல்லையென்றால் சல்லடைப் பக்கம் வராதே. நம் சுண்ணாம்பை வாங்குகிற இந்த ஊர்க் கிடங்கு ஒல்லாந்துத் துரை முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அப்புறம் தை மாதம் முழுக்க ஒருவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை என்று தெரிந்ததும் மிளகாய் கொடுக்கச் சொல்லிக் கிடங்கில் நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

இதில் கோதண்டம் மட்டும் மூன்று தரம் போய் மூன்று தரமும் இருமிக்கொண்டு ஓடிவந்தான். அவன் மீசைதான் உனக்குத் தெரியுமே, இறால் மீசை தோற்றுவிடும். மயிர் இருக்கிற இடத்தில் துணி படியாது, எடுத்துவிட்டு வா என்று நான் பெரிய மனுஷன் மாதிரி வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் மழுமழுவென்று வந்தான், பத்துக் கூச்சலும் போட்டான், வெளியே வந்து என்னைப் பார்த்து, "ஏன் அண்ணே, என் மீசைக்கு நியாயம் சொன்னே, உன் தாடிக்கு இன்னா நியாயம்?" என்றான். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். சோதிக்கிறவன் என்ற பெயரில் நான் அதுவரை குடிசைக்குள் போகவே இல்லை, ஆனால் கொட்டகைக்குள் தினமும் போய்க்கொண்டிருந்தேன். மானம் போகுமே என்று துணியைக் கட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது கூச்சலில் நெஞ்சு கிழிகிற மாதிரி இருமல் வந்துவிட்டது. வெளியே வந்தபோது கோதண்டம் சிரித்திருந்தால் ஓர் அறை விட்டு ஆறியிருப்பேன். பாவி, அவன் சிரிக்காமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினான்.

அந்தத் தாடி எதற்கு வளர்ந்தது என்று உனக்குத் தெரியும். நீ கப்பல் ஏறிய அன்று, நீ திரும்பி வந்து இந்தக் கரையில் கால் வைக்கும்வரை முகத்தில் கத்தி படாது என்று ஈசனிடம் வேண்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் ஆயிற்று. உன் உயிரை அந்தத் தாடியில்தான் முடிந்து வைத்திருப்பதாக நம்பியிருந்தேன், அதை எடுத்தால் நடுக்கடலில் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம், இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்து நான் இருமுவதை உன் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாலு நாள் கழித்து உன் ஓலை வந்தது. மிளகு சலிக்கிற இடத்தில் ஓயாத இருமல் என்றும், நைனாவைப்போல் நானும் தாடி விட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாயே, அதை நான் வாசித்து முடித்ததும் உன் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "அங்க அவன் இருமறான், இங்க நீ இருமற, யாரு யாருக்காக வேண்டிக்கினு இருக்கீங்க? என் புள்ள வந்து எறங்கும்போது பாக்க நீ இருக்கணும்யா, தாடி மட்டும் இருந்தா போதுமா?" என்றாள்.

மறுநாளே மூவரும் திருப்பாலைவனம் போனோம். குளக்கரையில் தாடியை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சன்னதியில் வைத்து, வேண்டுதலை நான் விடவில்லை, மாற்றிக்கொள்கிறேன் சாமி என்று சொல்லி, தாடிக்குப் பதில் வெற்றிலையை விட்டேன். சூளைக்காரன் வெற்றிலையை விடுவது லேசா? இருபது நாளாகத் தலை கனக்கிறது, வாய் நமநமக்கிறது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறேன், ருக்கு என்னைக் கண்டாலே "நைனா வாய்ல வெத்தல இல்ல, ஓடுங்கோ" என்று கத்துகிறாள். ஆனால் குடிசைக்குள் மறுபடி போய் நான் போட்ட பத்துக் கூச்சலும் ஏரிக்கரை வரைக்கும் கேட்டதாம், வலை இழுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பேர் ஓடிவந்துவிட்டார்கள். காலை இருமலும் குறைந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன் பச்சைமுத்து, பொய் சொல்லவில்லை.

துளசிங்கத்திடம் ருக்கு தைத்த முகத்துணி மூன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். முதல் வேலையாகத் தாடியை எடு, எனக்காக வளர்த்தாய் என்றால் எனக்காகவே எடு. தகட்டை மூக்கில் அழுத்தி, இரண்டு முடிச்சையும் இறுக்கி, அங்கேதான் மிளகாய்க்குப் பஞ்சமிருக்காது, நெருப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிடங்குக்குள் போக வேண்டும். கூச்சல் போட வெட்கப்படாதே, சுற்றி நிற்கிறவர்களுக்கு நம் பாஷை தெரியாது. துணியை நனைக்காதே, தினமும் உதறி வெயிலில் போடு. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் கொடுத்து உதவு. ஈசன் உன் மூச்சுக்குத் துணையிருக்கட்டும், தீர்க்காயுசாக இரு.

உன் கெடு இன்னும் ஒரு வருஷம். நீ இறங்குகிற அன்று என் முதல் வெற்றிலையை நீதான் மடித்துத் தர வேண்டும். அதற்கென்று நானே சலித்த சுண்ணாம்பை ஒரு சின்னச் சட்டியில் குழைத்து மூடி வைத்திருக்கிறேன். காய்ந்துவிடாமல் இருக்க உன் அம்மா தினமும் காலையில் அதில் ஒரு கை தண்ணீர் ஊற்றுகிறாள்.

இப்படிக்கு,
மழித்த முகத்துடன் உன் வழி பார்த்திருக்கும்
உன் நைனா உலகநாதன்