பொன்வளையச் சுருட்டுக்கு நீ சொன்ன ஓம்

அலுமாரிக்கு மேலே கிடந்த பிஸ்கற் ரின்னை இன்று காலை இறக்கினேன். உள்ளே சுருட்டுக்குப் போடும் பொன் கடதாசி வளையங்கள், மிஞ்சிப்போன ஒரு கட்டு. மூடியைத் திறந்ததும் கோடா மணம். புகையிலைக்குத் தெளிக்க நான் காய்ச்சிய அந்தப் பாணி இத்தனை வருடம் கழித்தும் மணக்கிறது. கூட்டாளி, உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீ போய் எவ்வளவு காலம்! ஆனாலும் ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லையடா.

வட்டுக்கோட்டையில் நம் கொட்டிலில் சுருட்டிய 'பொன்வளையம்' என்ன எடுப்பு எடுத்தது! கலியாண வீட்டுத் தட்டத்தில் வேறு சுருட்டு இருந்தால் மாப்பிள்ளை பகுதி முகத்தைச் சுளிக்கும். தெற்கில் நீ நடத்திய கடைக்குப் பெரிய மனிதர்கள் கார் அனுப்பி வாங்கினார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். புகைக்குள்ளிருந்து உன்னை யாரோ இழுத்தெடுத்தார்களாம். அகதிகளோடு கப்பலில் ஊருக்கு வந்து இறங்கினாய்.

இனி இங்கேயே விற்போம் என்றாய், விற்றோம். கோடா போட்ட ஒவ்வொரு தொகுதியிலும் முதல் சுருட்டை நீதான் பற்றவைப்பாய். நான் எதிரே நிற்பேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ஓம், வளையத்தைப் போடு" என்பாய். அதற்கு முன் ஒரு வளையமும் ஏறாது.

தொண்ணூறில் சண்டையால் பாதை அடைபட்டது. கோடாவுக்கு வேண்டிய சரக்கு வரவில்லை. அந்த மாரியில் புகையிலையும் பூஞ்சணம் பிடித்தது. எறிய எனக்கு மனம் வரவில்லை. பனங்கட்டியை அள்ளிப் போட்டு மணத்தை மறைத்தேன். சுருட்டியவர்களுக்குத் தெரியும், ஆனால் கொட்டிலைப் பூட்டினால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஒன்றுமே நடவாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் நீட்டினேன். நீ இழுத்தாய். வழக்கம்போல, "ஓம், வளையத்தைப் போடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்துதான் சொல்கிறாயா? கேட்கப் பயந்தேன். ஒரு மாதத்துக்குள் பெட்டிகள் திரும்பி வந்தன. குருநகரில் ஒரு கலியாண வீட்டில் நாலு பேர் சுருட்டை இழுத்துவிட்டுக் குமட்டிச் சத்தி எடுத்தார்களாம். பொன்வளையம் என்றாலே சனம் மூக்கைப் பொத்தியது. கொட்டிலைப் பூட்டினோம். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாய். எட்டாம் நாள் சடங்கில், எட்டுச் செலவன்று, உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கடை எரிஞ்ச நாளிலை இருந்து அவருக்கு ஒரு மணமும் தெரியாது, அண்ணை. உங்கடை முகத்தைப் பாத்துத்தான் ஓம் எண்டு சொல்லுறவர்."

ஏழு வருடம்! நான் உன் மூக்கை நம்பிக்கொண்டு நின்றிருக்கிறேன், நீயோ என் முகத்தை. அப்படியென்றால் அந்தச் சுருட்டுகளை யாரடா சரி பார்த்தது? என்னிடம் சொல்லியிருந்தால் நான் அப்படிச் செய்திருப்பேனா? செய்திருப்பேனோ? உன்மேல் கோபம் வருகிறது, உடனே வெட்கமாகவும் இருக்கிறது. யோசித்து யோசித்துத் தலை இடிக்கிறது.

சற்று முன் மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வளையங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன மாமா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டேன், உன் முன்னால் அன்றைக்கு வைத்த மாதிரியே. அவள் நம்பிவிட்டுப் போனாள்.