ஒரு ‘ஆனா’வைச் சுமந்துகொண்டு

ஏப்ரல் 8, செவ்வாய்

கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போன் செய்தார். ஓட்டிவந்த பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது. “வந்துடுச்சு. நம்ம ரெண்டு பேரு பேரும் வந்துடுச்சு.” மூன்று வருஷமாகக் காத்திருப்போர் பட்டியலில் கிடந்த பெயர்கள். ஹஜ்ஜுக்குப் போகிறோம்!

“அம்மா, என் காதை விடுங்க” என்றார் பெரியவர்.

பின்னறைக்கு ஓடிப்போய்ப் பஞ்சுவிடம்தான் முதலில் சொன்னேன். லென்ஸ் தேய்க்கும் மிஷினை நிறுத்திவிட்டுக் கட்டிக்கொண்டாள். பஞ்சு என்பது கடையில் வைத்த பெயர். தோளில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி, பேச்சும் பஞ்சு மாதிரி மெதுவாக. பத்தொன்பது வருஷச் சிநேகிதி. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையெல்லாம் லென்ஸ் தூள். கழுவ மனசில்லை.

சாயங்காலம் நடந்து வரும்போது தரை எனக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, வேறொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஹஜ் வகுப்பு. பாடம் எடுத்த ஆலிம் சின்ன வயசுக்காரர், கணக்கு வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். ஏற்கப்பட்ட ஹஜ் செய்தவர் அன்று பிறந்த குழந்தையாகத் திரும்புவாராம். கேட்கும்போதே கண் நிறைந்தது. ஆனால் அடுத்து ஒன்று சொன்னார்: “உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல உள்ள பாவத்துக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. இன்னொரு மனுஷருக்குச் செஞ்ச தப்புக்கு அவங்ககிட்டயே போய்க் கேளுங்க. கேட்டுட்டு வண்டி ஏறுங்க.”

வீட்டில் இவர் ஹஜ்ஜில் உடுத்தவேண்டிய இரண்டு வெள்ளைத் துண்டுகளைக் கட்டி ஒத்திகை பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டவும் இடுப்புத் துண்டு நழுவவும் சரியாக இருந்தது. சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அக்கா போகும்வரை எழுந்திருக்கவே இல்லை.

ஏப்ரல் 16, புதன்

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் பட்டியல் போட்டேன். இருபத்து மூன்று பேர். கடைசிப் பெயரை எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

இருபத்து இரண்டு பேரிடமும் கேட்டாயிற்று. மாமியார்கூட, “நீ என்ன பெருசா செஞ்சுட்டே, வாய்தான் கொஞ்சம் நீளம்” என்று முடித்துவிட்டார்கள்.

இன்று கடையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பொதுவாகச் சொன்னேன். “தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க.” முதலாளி தலையாட்டினார். பஞ்சு சிரித்தாள். “பொறுத்தேன், பொறுத்தேன். எனக்கும் சேர்த்து துஆ கேளு.”

எவ்வளவு சுலபம்! கூட்டத்தில் நுழைந்து டிக்கெட் இல்லாமல் போய்விட்டேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

பதினான்கு வருஷம் முன்பு. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். இவர் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார், மாமியார் வீட்டில் முகம்கொடுத்துப் பேச ஆளில்லை. பஞ்சுவுக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. பாடிக்கொண்டே லென்ஸ் தேய்ப்பாள். அந்தப் பாட்டு எனக்குப் பொறுக்கவில்லை. ஆமாம், பொறாமைதான், வேறு பெயர் கிடையாது. மாப்பிள்ளையின் அக்கா கண்ணாடி வாங்குகிற சாக்கில் வந்து என்னிடம் மெல்ல விசாரித்தாள். “உங்ககூட வேலை பாக்கற பொண்ணு எப்படி?”

“நல்ல பொண்ணுதான். ஆனா...”

அவ்வளவுதான் சொன்னேன். நிறுத்திவிட்டு ஒரு ஃப்ரேமைத் துடைத்தேன். அவள் காத்திருந்தாள். நான் நிமிரவில்லை. “புரியுதுமா” என்று என் கையைத் தட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். நாலாம் நாள், வேறு இடத்தில் பேசிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள்.

பஞ்சுவுக்கு இடது கண் லேசாக விலகிப் பார்க்கும். அதுதான் காரணம் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடி, கடைக்குள்ளேயும்கூட. அதற்கப்புறம் வந்த இடங்களை எல்லாம் பெண் பார்க்க வருமுன்பே அவளே தட்டிக் கழித்தாள். இப்போது அம்மாவுடன் தனியாக இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கறுப்பு லென்ஸை அவளுக்கு மாட்டிக் கொடுப்பவள் நான். மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று கேட்பவளும் நான்தான். எனக்கென்ன மனசு இது?

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆலிமுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லாமல், என்ன தப்பு என்று சொல்லாமல் வாங்கிய மன்னிப்பு செல்லுமா?

“சொன்னா அவங்களுக்கு நோவுதான் கூடும்னா, சொல்லாம அவங்களுக்கு நல்லது செய்யுங்கன்னு சொன்ன அறிஞர்களும் இருக்காங்க. உங்களுக்கு எது சுலபம்னு பாக்காதீங்கம்மா. தெரிஞ்சா அவங்களுக்கு எது நல்லதுன்னு பாருங்க” என்றார்.

நல்லது என்ன என்று எனக்குத் தெரியும். அவள் கண்ணில் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 2, வெள்ளி

பின்னறை வரை போனேன். கோந்து கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கோந்து எதற்கு?

மே 6, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம், முன்கடையில் யாருமில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் இரண்டு கண்ணையும் முழுசாகப் பார்க்கிறேன்.

“ஆனாவுக்கு அப்புறம் என்னடி சொல்றதா இருந்தே?”

“ஒன்னுமில்ல.”

“ஒன்னுமேவா?”

“சத்தியமா ஒன்னுமே இல்ல பஞ்சு.”

“ஏதாவது இருந்திருக்கலாம்” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பிறகு எழுந்து மிஷின் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்குப் பொறுத்தேன்னு சொன்னேன்ல? அதைத் திருப்பி எடுத்துக்கறேன்.”

எடுத்துக்கோ. உன்னுடையதுதானே.

மே 20, செவ்வாய்

நாளை புறப்படுகிறோம். வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் ஆட்கள். பஞ்சு வரவில்லை. அவள் அம்மா மட்டும் வந்து, “அவளுக்குத் தலைவலி” என்றார்கள். எனக்கு ஒரு முத்தம் கொடுத்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பெட்டியின் ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தார். “நான் வேலையில்லாம சுத்தினதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?” என்றார்.

மே 25, ஞாயிறு

வந்துவிட்டோம். கஅபாவைப் பார்த்தேன். எழுத வரவில்லை.

மே 27, செவ்வாய்

சுற்றிக்கொண்டே இருக்கிறேன். படுத்தாலும் பாய் மெல்லச் சுற்றுகிறது. கஅபாவைச் சுற்றும் தவாஃபில் எனக்கு முன்னால் ஒருத்தி தோளில் வெள்ளைத் துணியோடு போனாள். பஞ்சுதான் என்று ஏழாவது சுற்று முழுக்க அவள் பின்னாலேயே போனேன். நெருங்க நெருங்க நகர்ந்துகொண்டே இருந்தாள். கூட்டம் விலகியபோது வேறு ஏதோ தேசத்துப் பெண், என்னைப் பார்த்துச் சிரித்தாள். இது நடந்ததா, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தபோது கண்ட கனவா? இவரைக் கேட்டால், “நான் என் துண்டைப் பிடிச்சிட்டிருந்தேன்” என்கிறார்.

ஜூன் 5, வியாழன்

அரஃபா மைதானம், ஹஜ்ஜின் உச்ச நாள். வெயிலில் மனிதர்கள் எல்லாம் விளிம்பு கரைந்து தெரிகிறார்கள். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்றே தெரியவில்லை. யார் யாருக்கு என்ன வேண்டுவதென்று ஊரில் எழுதிக் கொண்டுவந்த துஆப் பட்டியலைப் பிரித்தேன். முதல் பெயரிலேயே நின்றுவிட்டேன்.

யா அல்லாஹ், அவ தரவேண்டிய மன்னிப்பு அவகிட்ட இருக்கு, அதை உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. அவ கண்ணு அழகுன்னு அவளுக்குத் தெரியட்டும். பாடிக்கிட்டே வேலை செய்யட்டும். அவ மனசு நோகாம இருக்கட்டும்.

இதையே திருப்பித் திருப்பி. நிமிர்ந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. எல்லோரும் பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது, எனக்கென்று எதையும் கேட்கவே இல்லை.

ஜூலை 3, வியாழன்

ஊர் திரும்பி நாலு நாள். வருகிறவர்கள் எல்லோரும் கையைப் பிடித்து, “கபூலாகட்டும், ஹாஜியம்மா” என்கிறார்கள். ஏற்கப்படட்டும் என்று. நானும் ஆமீன் சொல்கிறேன். அன்று பிறந்த குழந்தையாம். கண்ணாடியில் பார்த்தால் அதே நாற்பத்திரண்டு வயசு, மூக்கு மட்டும் கறுத்திருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

கடை. பஞ்சு பேசினாள். “அந்த லென்ஸுக்குச் சிலிண்டர் பவர் எத்தனை?” சொன்னேன். “சரி” என்றாள். இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பஞ்சு இன்று சாதாரணக் கண்ணாடியில் வந்தாள்! வெள்ளை லென்ஸ், அவளே தேய்த்து அவளே மாட்டியிருக்கிறாள். முதலாளி, “அட, உனக்குக் கண்ணு இருக்கா?” என்று கிண்டல் செய்தார். அவள் வெட்கப்பட்டாள். என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை. நான் கவுன்டருக்குக் கீழே குனிந்து, இல்லாத ஸ்க்ரூவைத் தேடினேன்.

அக்டோபர் 9, வியாழன்

‘பொறுத்தேன்’ இன்னும் வரவில்லை. தினம் போய் முகத்தில் தொங்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கடன் வசூலிக்கிறவள் மாதிரி நான் போய் நின்றால் அதுவும் ஒரு தொல்லைதானே. ஆனால் தொழுது முடித்துக் கையேந்தினால் கை காலியாகவே தோன்றுகிறது.

நவம்பர் 8, சனி

மதியம் பஞ்சு தானாகவே வந்தாள். கவுன்டர் ஓரம் நின்று, அந்தத் துடைக்கும் துணியை மடித்து மடித்து உள்ளங்கையளவாக்கினாள்.

“உன்கிட்ட ஒன்னு சொல்லணும். உன் ஹஜ்ஜு கபூலாகக் கூடாதுன்னு நான் துஆ கேட்டேன்.”

நான் கையிலிருந்த ஃப்ரேமைக் கீழே வைத்தேன்.

“அரஃபா அன்னிக்கு நோன்பு வெச்சு, நோன்பு தொறக்கற நேரமா பாத்துக் கேட்டேன். அப்போ கேட்டா தட்டமாட்டான்னு தெரிஞ்சேதான் கேட்டேன். பொறுத்துக்கோ.”

பொறுத்தேன் என்று உடனே வந்திருக்கவேண்டாமா? வரவில்லை. எத்தனை வருஷக் கனவு என்னோடது! அங்க நான் உனக்காகக் கையேந்தி நிக்கறேன், நீ இங்க உக்காந்து... அப்படியொரு கோபம். நான் அவளுக்குச் செய்ததெல்லாம் அந்த நிமிஷம் மறந்தே போயிற்று. அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் போய்விட்டேன். மூன்று ஃப்ரேம் காட்டினேன், மூன்றும் கோணலாக மாட்டினேன்.

சாயங்காலம் அஸர் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றி தரையில் இருக்க, நான் அவளிடம் கேட்டது எவ்வளவு கனமான பொருள் என்று இப்போதுதான் தெரிந்தது. பதினான்கு வருஷத்தை ஒரு மதியத்தில் பொறுத்துக்கொள் என்று போய் நின்றிருக்கிறேன்.

பின்னறைக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லப் பிடிக்கவில்லை. “பஞ்சு, பொறுத்தேன்னு சொல்லத்தான் வந்தேன். இன்னிக்கு என்னால முடியலடி” என்றேன்.

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மெதுவா சொல்லு, அவசரமில்ல. எனக்கே ஆறு மாசம் ஆச்சு.”

புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிஷின் சத்தத்தில் நான் அழுதது முன்கடைக்குக் கேட்டிருக்காது.