ஒன்பது மணிப் பாவு

டீக்கடைப் பேப்பரில் இன்று உலகப் படம் ஒன்று போட்டிருந்தார்கள். இரண்டே வண்ணம். போர் என்று வந்தால் இந்த நாடுகள் இந்தப் பக்கம், அந்த நாடுகள் அந்தப் பக்கம். வண்ணம் பூசாமல் விட்டிருந்த நாடுகளைக் காட்டி, "இவனுங்கல்லாம் எந்தக் கட்சி?" என்று ஒருவர் கேட்டார். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அவர் வாயை அடைத்திருப்பாய். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. டீ ஆறும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் தெரிந்ததென்னவோ நம் இரண்டு தெருவும்தான்.

கார்கில் சண்டை நடந்த அந்த வருஷம் நமக்கு நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள் நாம். ஆனாலும் தெரு என்று வந்துவிட்டால் நீ வேறு, நான் வேறு. முந்தின வருஷத் திருவிழாவில் சாமி எந்தத் தெருவில் முதலில் நிற்பது என்று ஒரு தகராறு. அது முடிந்த கையோடு நாங்கள் பக்கத்து ஊர் முள்ளிப்பட்டுக்காரர்களிடம் போய்ப் பேசினோம். "உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க வருவோம், எங்களுக்கு ஒண்ணுன்னா நீங்க வரணும்." அது காதில் விழுந்ததும் உங்கள் தெரு சேவூரில் ஆள் பிடித்தது. இரண்டு பக்கமும் பயம்தான். வெளியே மட்டும் மானம், மரியாதை என்று பேசிக்கொண்டோம். ஆள் சேர்த்த பிறகாவது நிம்மதியாகத் தூங்கினோமா என்றால் அதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கார்கில் சண்டை வந்தது. எங்கள் தெருவில் பத்துக் கொடி கட்டினால் உங்கள் தெருவில் இருபது. நாட்டின் மேல் யாருக்குப் பாசம் அதிகம் என்று ஒலிபெருக்கி வைத்துப் போட்டி. இரண்டு தெருவிலும் சேர்த்து எல்லையில் நின்றவன் ஒரே ஒருவன், உன் தம்பி. அவனிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. நீ தினமும் தபால் ஆபீஸ் வாசலில் போய் நின்றாய். ஒருநாள் அங்கே என்னைப் பார்த்துக் கேட்டாய்: "ரெண்டு தெருக்காரனும் மைக்குல கத்திகினு கீறீங்க. என் தம்பி சாப்டானா இல்லையான்னு ஒருத்தனாவது கேட்டீங்களாடா?" நான் அப்போதும் கேட்கவில்லை. எனக்கு அன்று வேறு கவலை.

உங்கள் தெரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வைத்திருந்தது. எங்கள் தெரு வழியாகக் கடைவீதிக்குப் போவதாக ஏற்பாடு. எங்கள் ஊர்வலம் அதற்கடுத்த வாரம்தான். நாம் முந்துவதற்குள் அவர்கள் முந்திவிட்டார்களே என்ற எரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது.

நெசவுக்காரர்கள் நாம்; தறியில் ஏற்றும் பட்டு இழைகளைத் தெருவில் பாவாக நீட்டியிருந்தால் யாரும் குறுக்கே வரக்கூடாது என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். கல்யாண ஊர்வலம்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். விடியும் முன் இழைகளை நீட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காலை ஒன்பது மணிக்கு நீட்டினேன். "இந்த வெயில்ல பட்டு இன்னாத்துக்கு ஆவும்?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

கொடி கட்டிய டெம்போ வந்தது. ஹாரன் அடித்தார்கள். "பாவு கெடக்குது, கண்ணு தெரியல?" என்றேன். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், எங்கள் ஆட்களும் கத்தினார்கள். யார் சொல்லி நகர்ந்ததோ தெரியாது, வண்டி பாவின் மேல் ஏறி இறங்கியது. பாதி இழைகள் அறுந்து மண்ணில் கிடந்தன. உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. நியாயம் இப்போது முழுக்க எங்கள் பக்கம்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி முள்ளிப்பட்டுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "எங்க நிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்கள். தெருவின் மறுமுனையில் சேவூர் ஆட்களும் அப்படியேதான் வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் கையில் கட்டை. பாவம், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த நாள் தறியில் வேலை இருந்தது.

நீ பின்பக்கச் சந்து வழியாக என் தறிக்கூடத்துக்குள் வந்தாய். நான் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாய்.

"ஒம்போது மணிக்கு எவன்டா பாவு போடுவான்?"

ஓங்கி அறைந்தேன். உன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. வேறு யாரும் அங்கே இல்லை. நீ குழாயடியில் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினாய். அப்புறம் அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பலை அள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனாய். அறுந்த பாவின் அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டு, ஒவ்வோர் இழையாகப் பிணைக்கத் தொடங்கினாய்.

உங்கள் ஆட்களால் கல் எறிய முடியவில்லை, நடுவில் இருந்தது அவர்கள் ஆள். எங்கள் ஆட்களாலும் முன்னே பாய முடியவில்லை, காலடியில் இழை கிடந்தது. கொஞ்ச நேரம் போனது. முள்ளிப்பட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஒத்த ஆளு குந்திகினு எப்ப முடிக்கறது?" என்று கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு உன் எதிரே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் இருவர். சண்டைக்கு வந்தவர்களுக்கு மதியம் வரை பிணைப்பு வேலை. சேவூர்க்காரர்கள் நின்று நின்று கால் கடுத்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

கடைசியில் நானும் வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தேன். நீ தலை நிமிராமல் சொன்னாய்: "அங்க மலை மேலயும் எவனோ ஒருத்தன் ஒம்போது மணிக்குப் பாவு போட்டிருப்பான்டா. என் தம்பி போய் நிக்கிறான்."

உன் தம்பி பனிக்காலத்தில் முழுசாகத் திரும்பி வந்தான். நாம் மறுபடியும் சேர்ந்து டீ குடித்தோம். நான் உன்னை அறைந்ததைப் பற்றி நீ ஒருநாளும் பேசவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலே மறந்துவிட்டாய் என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி பழையதெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு வாயி வீங்கி, பல்லு ஒடஞ்சி வந்தாருண்ணா. என் தம்பிங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னுகினு, 'யாரு மாமா அடிச்சது, பேர மட்டும் சொல்லு'ன்னு கேட்டானுங்க. தெருவே கூடிடுச்சி. தறிப் பலகை இடிச்சிடுச்சின்னு ஒரே சாதிப்பு. தறியில குந்தறவங்களுக்குத் தெரியாதா, பலகை வாயிலயா இடிக்கும்? யாருன்னு உங்களுக்காவது தெரியுமாண்ணா?"

தெரியாது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று உன் தெரு மொத்தமும் ஒரே ஒரு பெயருக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. சொல்லியிருந்தால் சாயங்காலமே சேவூர் திரும்பி வந்திருக்கும், முள்ளிப்பட்டும் வந்திருக்கும். உடைந்த பல்லோடு நீ அந்தப் பெயரை விழுங்கிவிட்டாய்.

நாளை உன் வீட்டுக்குப் போகிறேன். அவள் தம்பிகள் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போகிறேன். அந்தப் பெயரை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். துணைக்கு வரட்டுமா என்று என் மகன் கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.